அனாமத்துக் கணக்கு

"ஸார், ரிசல்ட் எப்ப ஸார்?"

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு போன். தெரியாத நம்பர். லோன் வேணுமா என்று கேட்கிற நேரமும் இல்லை. எடுத்தால், ஹலோ கூடச் சொல்லாமல் நேராக இந்தக் கேள்வி.

ஒரு சிறுகதைப் போட்டிக்கு நான் நடுவர். மூன்று பேரில் ஒருவன். என் நம்பரை யாரும் எங்கேயும் அச்சடிக்கவில்லை. பையன் எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிட்டான். "போட்டி பற்றிக் கடிதப் போக்குவரத்து கூடாது" என்று விதிமுறையில் ஒரு வரி உண்டு. போன் கூடாது என்று எழுத மறந்துவிட்டார்கள் போல.

கொஞ்சம் கடுமையாகவே பேசலாம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "எந்த ஊருப்பா?" என்றேன்.

"தர்மபுரி பக்கம் ஸார். இண்டூர்."

போச்சு. கோபமெல்லாம் எங்கே போனதோ. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அட, நானும் தர்மபுரிதான்ப்பா" என்று சொல்லித் தொலைத்தேன். அடுத்த நொடி ஸார் போய் அண்ணா ஆகிவிட்டேன்.

"அண்ணா, மூணு மாசமா தூக்கமே இல்லண்ணா. இல்லன்னாக்கூட இல்லன்னு சொல்லிடுங்கண்ணா."

எனக்கே தெரியாது, மேஜை மேல் இன்னும் அறுபது கதை படிக்காமல் கிடக்கிறது என்று அவனிடம் எப்படிச் சொல்வது? "வரும்ப்பா, கொஞ்சம் பொறு" என்று வைத்துவிட்டேன். வைத்தபிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. காரணம், அவன் பேசிய அந்த வாக்கியம். இல்லை என்றாவது சொல்லுங்கள். 2001-ல் அதே வாக்கியத்தை நான் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் நின்று, மீட்டர் ஓடுவதைப் பார்த்தபடி, சென்னையில் யாரோ ஒரு டெலிபோன் ஆபரேட்டரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தம்மா ரொம்ப மரியாதையாக, "எடிட்டோரியல் லஞ்சுக்குப் போயிருக்காங்க" என்றார். மணி காலை பத்து.

அந்த வருஷம்தான் பி.காம். முடித்திருந்தேன். தருமபுரியில் ஒரு புளி மண்டியில் கணக்கு எழுதுகிற வேலை. சம்பளம் ஆயிரத்து இருநூறு. சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்று மூன்று வருஷம் படித்ததை, புளித்த வாசனைக்கு நடுவே உட்கார்ந்து நடைமுறைப்படுத்திக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒரு வாரப் பத்திரிகையில் சிறுகதைப் போட்டி அறிவிப்பு. முதல் பரிசு ஐயாயிரம். கடைசி நாள் ஜூன் 30.

விதிமுறைகள் இன்னும் மனப்பாடம். தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதவும். சொந்தக் கற்பனை என்று உறுதிமொழி தரவும். நகல் எடுத்து வைத்துக்கொள்ளவும். பிரசுரமாகாத கதை திரும்ப வேண்டுமானால் போதிய தபால் தலை ஒட்டிய, சுய முகவரி எழுதிய உறை இணைக்கவும். ஆசிரியர் முடிவே இறுதியானது.

அந்தச் சுய முகவரி உறை இருக்கிறதே, அது ஒரு சித்திரவதை. இந்தத் தலைமுறைக்கு அதன் கொடுமை தெரியாது. நம் கையெழுத்தில், நம் பேரை, நாமே எழுதி, நம் காசில் ஸ்டாம்பும் ஒட்டி, நம் தோல்வி நம்மிடம் பத்திரமாக வந்து சேர ஏற்பாடு செய்வது. தபால்காரர் தூரத்தில் வரும்போதே கட்டில் அந்தக் கையெழுத்து தெரிகிறதா என்று கண் தேடும். உலகத்திலேயே நான் பார்க்க விரும்பாத கையெழுத்து என்னுடையதுதான்.

ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். (அந்த ரிஜிஸ்டர் தபாலே இப்போது தனியாக இல்லை. 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள்.) அக்னாலட்ஜ்மென்ட் கார்டு ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. அதில் வட்டமாக ஒரு ரப்பர் ஸ்டாம்ப், புரியாத ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்து ஆசிரியருடையதா, வாட்ச்மேனுடையதா என்று இரண்டு நாள் ஆராய்ந்திருக்கிறேன். கொஞ்சம் சாய்வாக, வேகமாக இருந்தது. நிறையக் கையெழுத்துப் போடுகிற ஆள். ஆசிரியர்தான் என்று முடிவு செய்தேன். அப்படியானால் கதை நேராக அவர் கைக்கே போய்விட்டது!

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத ஒரு தொகை வந்தால், அதைத் தற்காலிகமாக அனாமத்துக் கணக்கில் போட்டு வைப்போம். உண்மை தெரிந்ததும் உரிய கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். அதுவரை அது வரவும் இல்லை, செலவும் இல்லை, சும்மா தொங்கும். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாசமும் நானே ஒரு அனாமத்துக் கணக்காகத்தான் தொங்கினேன். இன்னொரு விதியும் உண்டு. வரப்போகிற லாபத்தை வரும் முன் எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு மட்டும் ஒதுக்கீடு செய். பரீட்சையில் இதற்கு ஐந்து மார்க் வாங்கியவன் நான். ஆனால் மண்டிப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்த கணக்கு இது: அம்மா தோடு மீட்க 2,200. தங்கச்சி பீஸ் 900. அப்பாவுக்கு செருப்பு 250. எனக்கு ஒரு பேண்ட், சட்டை 600. மீதி கையிருப்பு 1,050. ஐந்தொகை சரியாக டேலி ஆனது. லாபம்தான் இன்னும் வரவில்லை.

எங்கள் ஊருக்கும் பரிசுக்காகக் காத்திருப்பதற்கும் ரொம்பப் பழைய சொந்தம். தகடூர் என்பது தருமபுரியின் பழைய பேர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். நெல்லிக்கனி கதையை நாலாம் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் விடுவது, அந்த அதியமான் வாசலில் ஔவையார் பரிசு தாமதமாகிக் காத்திருந்த கதையை. புறநானூற்றில் அதற்கு இரண்டு பாட்டு இருக்கிறது. 101-வது பாட்டில் ஔவை தன் நெஞ்சுக்கே ஆறுதல் சொல்கிறார். எத்தனை நாள் போனாலும், எத்தனை பேரோடு போனாலும், முதல் நாள் போலவே ஆசையாகப் பார்க்கிறவன் அவன். பரிசு கொஞ்சம் தள்ளிப் போகலாம். ஆனால் யானை தன் கொம்புக்கு நடுவே வைத்துக்கொண்ட சோற்றுக் கவளம் போல, அது கிடைத்த மாதிரிதான், பதறாதே என்கிறார்.

206-வது பாட்டுக்கு வந்தால் அம்மையார் வேறு ஆள். வாயிற்காவலனைப் பார்த்து ஒரு பிடி பிடிக்கிறார். உன் தலைவனுக்குத் தன்னைத் தெரியாதா, என்னைத் தெரியாதா? அறிவும் புகழும் உள்ளவர்கள் எல்லோரும் செத்து உலகம் காலியாகிவிடவில்லை. யாழைத் தூக்கிக்கொண்டேன், மூட்டையைக் கட்டிவிட்டேன். கைத்தொழில் தெரிந்த தச்சன் பிள்ளைகளுக்குக் காடெல்லாம் மரம், எனக்கு எந்தத் திசை போனாலும் சோறு!

முதல் பாட்டு காலை எட்டு மணிக்கு நான். இரண்டாவது பாட்டு சாயங்காலம் ஆறு மணிக்கு நான். என்ன, எனக்குப் போக வேறு திசையும் இல்லை, சண்டை போட வாயிற்காவலனும் இல்லை. இருந்தது லஞ்சுக்குப் போன எடிட்டோரியல்தான்.

பரிசுக்காகப் படபடத்த புலவர் என்றால் நம்மில் பலருக்கு தருமி ஞாபகம்தான் வரும். 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷ் அந்த ஆயிரம் பொன்னை நினைத்து உருகுவாரே, அதை நகைச்சுவைக் காட்சி என்று சொன்னவர்கள் எந்தப் போட்டிக்கும் கதை அனுப்பாதவர்கள். பொற்கிழியில் எவ்வளவு குறைப்பார்களோ என்று அந்த மனுஷன் பயந்தது எனக்குச் சிரிப்பாகப் படவே இல்லை.

பரிசு வாங்கிப் பெரிய ஆள் ஆனவர்கள் கதை எல்லாம் அப்போது எனக்கு அத்துப்படி. கல்கியின் வெள்ளிவிழா நாவல் போட்டியில் 1966-ல் முதல் பரிசு வாங்கியது உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்'. பன்னிரண்டு வருஷம் கழித்து, 1978-ல், மகேந்திரன் அதைப் படமாக எடுத்தார். அவ்வளவு தூரம் போவானேன். 1990-ல் அகிலன் நினைவு நாவல் போட்டியில் 'ரப்பர்' பரிசு வாங்கியபோது, அதை எழுதிய ஜெயமோகன் தொலைபேசித் துறை ஊழியராக எங்கள் மாவட்டத்தில்தான் இருந்தார். போட்டிக்காக நாவலைச் சுருக்கி அனுப்பினாராம். இதை ஒரு நண்பன் சொன்னதிலிருந்து எனக்கு ஒரு புதுக் கவலை பிடித்தது. என் கதை பன்னிரண்டு பக்கம். சுருக்கியிருக்க வேண்டுமோ?

எட்கர் ஆலன் போ கதையை ரொம்பப் பின்னால்தான் படித்தேன். 1833-ல் பால்டிமோரில் ஒரு வாரப் பத்திரிகை கதைக்கு ஐம்பது டாலர், கவிதைக்கு இருபத்தைந்து டாலர் என்று போட்டி வைத்தது. சாப்பாட்டுக்கே சிரமப்பட்ட போ, கதை, கவிதை இரண்டும் அனுப்பினார். கதைக்குப் பரிசு வந்தது. கவிதைக்கு வரவில்லை. யார் வாங்கியது என்று பார்த்தால், புனைபெயரில் எழுதிய அதே பத்திரிகையின் ஆசிரியர்! போ அவரிடம் சண்டைக்கே போனார். நியாயம்தானே? 2001-ல் மட்டும் இது தெரிந்திருந்தால் என் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

சரி, என் கதை என்ன கதை என்று இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் தள்ளிப்போடுகிறேன் என்றும் புரிந்திருக்கும்.

அப்பா பஸ் கண்டக்டர். 2001-ல் சேலம் ரூட்டில் போய்க்கொண்டிருந்தார். அதற்கு முன்னால், 1989-ல், பென்னாகரம் ரூட். அப்போது எனக்கு எட்டு வயசு. ஒரு நாள் காய்ச்சல்காரப் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கிழவி தருமபுரியில் ஏறியிருக்கிறாள். இண்டூர் போகணும். கையில் காசு இல்லை. அப்பா, சரி நம்ம காசைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து, கூட்டத்தில் டிக்கெட் கிழிக்க மறந்துவிட்டார். வழியில் செக்கர் ஏறிவிட்டார். மூன்று மாதம் சஸ்பெண்ட்.

அந்த மூன்று மாசம் அப்பா தெருவில் இறங்கவில்லை. பால் வாங்கக்கூட அம்மாதான். காசு அடிச்சுட்டான் என்று ஊர் பேசும் என்று அவருக்கு நினைப்பு. ஒரு நாள் ராத்திரி ஒண்ணுக்குப் போக எழுந்தபோது, பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் அப்பா உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் சத்தம் போடாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். அப்புறம் வேலை திரும்பக் கிடைத்தது, ரூட் மாறியது, ஊரும் மறந்துவிட்டது. எங்கள் வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை யாரும் பேசியதில்லை.

நான் எழுதினது அதைத்தான். பேரை மட்டும் மாற்றினேன். துணி துவைக்கிற கல் வரைக்கும் எழுதினேன். கீழே, "இது என் சொந்தக் கற்பனை என்று உறுதி கூறுகிறேன்" என்று கையெழுத்தும் போட்டேன்.

"என்ன கதைடா?" என்று அப்பா கேட்டார். "காதல் கதைப்பா" என்றேன். "ம்" என்றார்.

இப்போது நிலைமை புரிகிறதா? பரிசு வர வேண்டும் என்று கோட்டைக் கோயிலில் கும்பிட்டேன். அங்கிருந்து வெளியே வரும்போது, வந்தால் அப்பா படிப்பாரே என்று வயிற்றைக் கலக்கியது. டிப்போவில் எல்லோரும் அந்தப் பத்திரிகை வாங்குவார்கள். "என்ன கண்டக்டரே, உங்க பையன் உங்களையே எழுதிட்டானாமே?" என்று ஒருத்தர் கேட்டால் போதும். பரிசும் வரணும், கதையும் பிரசுரமாகக் கூடாது. இப்படி ஒரு வேண்டுதலை எந்தச் சாமி நிறைவேற்றும்?

அப்பாவோ வேறு பக்கம் சேலத்தில் வண்டி ஏற்றிக்கொண்டிருந்தார். சேலத்திலிருந்து விடியற்காலையில் வருகிற பத்திரிகைக் கட்டு பல நாள் அவர் பஸ்ஸிலேயே வரும். வியாழக்கிழமை டூட்டி இருந்தால், பஸ் ஸ்டாண்டில் கட்டை இறக்கும்போதே கடைக்காரரிடம் ஒன்று வாங்கி, தோல் பையில் சில்லறைக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு வந்துவிடுவார். வீட்டுக்குள் நுழைந்ததும் அதை என்னிடம் நீட்டி, "பாரு" என்பார். அவர் பிரித்திருக்க மாட்டார். நான் புரட்டுகிற வரை பூட்ஸைக் கழற்றாமல் நிற்பார்.

"இந்த வாரம் இல்லப்பா."

"சரி. அடுத்த வாரம் வரும்."

செப்டம்பர் கடைசியில் முடிவு என்று போட்டிருந்தார்கள். செப்டம்பர் 11-ஆம் தேதி நியூயார்க்கில் இரட்டைக் கோபுரம் விழுந்தது. எதிர்வீட்டு டிவியில் நின்று பார்த்தேன். ஊரே உறைந்து போய் நின்றது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எனக்கு அப்போது ஓடிய நினைப்பு, இந்த வாரம் பத்திரிகையில் எல்லாப் பக்கமும் இதுதான் இருக்கும், ரிசல்ட் தள்ளிப் போகும் என்பது. அத்தனை ஆயிரம் பேர் செத்திருக்கிறார்கள், இவனுக்கு ஐயாயிரம் ரூபாய்! சொன்ன மாதிரியே தள்ளிப் போனது. அது முடிந்து மூச்சு விடுவதற்குள் செப்டம்பர் 21, சுப்ரீம் கோர்ட் தீர்ப்பில் ஜெயலலிதா பதவி போய், ஓ.பன்னீர்செல்வம் முதலமைச்சரானார். இன்னொரு வாரம் போச்சு. அடுத்த இதழில் ஒரு மூலையில் கட்டம் கட்டி, வந்து குவிந்த கதைகள் ஏராளம் என்பதால் முடிவு பின்னால் என்று ஒரு வரி. ஏராளமாம். அந்த ஒரு வார்த்தை என்னை இரண்டு கிலோ இளைக்க வைத்தது.

என் அவஸ்தையைப் பார்த்து மாமா ஒரு நாள் என்னைப் பட்டுக்கூடு மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். மாமா பாலக்கோடு பக்கம் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்ப்பவர். கிட்டத்தட்ட ஒரு மாசம் அந்தப் புழுக்களுக்கு வேளை தவறாமல் தழை போடணும். ராத்திரி எழுந்து போடணும். எறும்பு வரக் கூடாது, பல்லி வரக் கூடாது, புகை ஆகாது, காரமான வாசனைகூட ஆகாது. கூடு கட்டி முடித்ததும் உடனே மார்க்கெட். நாளைக் கடத்தினால் உள்ளே இருப்பது அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வெளியே வந்துவிடும். துளை விழுந்த கூட்டில் நூல் எடுக்க முடியாது. ஏலம் எடுக்க வருகிறவர் கூட்டை ஒரு கை அள்ளுவார், ஒன்றைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார், கீழே போடுவார், விலை சொல்வார். அவ்வளவுதான். ஒரு மாசத்து ராத்திரிக்கு அரை நிமிஷம்.

அன்றைக்கு மாமா கூட்டுக்கு நினைத்த விலை போகவில்லை. ஆனாலும் டீக்கடையில் போண்டா வாங்கிக்கொடுத்தார்.

"உங்களுக்குப் பயமா இருக்காதா மாமா?"

"ஏன் இருக்காது? அவன் காதுல வெச்சு ஆட்டுவான் பாரு, அப்ப எனக்கு வயித்துக்குள்ள ஆடும்" என்றார். "ஆனா மாப்ள, அடுத்த முட்டைக்குச் சொல்லிட்டுத்தான்டா வந்தேன்."

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. அப்பா உள்ளே வரும்போதே தெரிந்துவிட்டது. இந்தத் தடவை அவர் பிரித்துப் பார்த்திருந்தார். பக்கத்துக்கு அடையாளமாக டிக்கெட் கட்டை நடுவில் வைத்திருந்தார்.

முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு. பத்து ஆறுதல் பரிசு. பேர், ஊர். தருமபுரி என்று எங்கேயும் இல்லை. கிருஷ்ணகிரி என்று ஒன்று இருந்தது, (அப்போது அதுவும் எங்கள் மாவட்டம்தான், 2004-ல்தான் பிரிந்தது) ஆனால் ஆள் வேறு. நான் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று படித்தேன். அப்பாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டிரிப் ஷீட்டில் பார்ப்பது போல ஒவ்வொரு பேர் மேலும் விரலை வைத்து ஒரு தடவை இறங்கினார்.

"அச்சுல விட்டுப் போயிருக்கும்" என்றார்.

அப்படியெல்லாம் விட்டுப் போகாது என்று அவருக்கும் தெரியும். அன்றைக்கு ராத்திரி அழுகை வரும் என்று எதிர்பார்த்துப் படுத்தேன். வரவில்லை. மூன்று மாசத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். அப்பா படிக்க மாட்டார், அது போதும். மறுநாள் மண்டியில் பேரேட்டின் கடைசிப் பக்கத்தை ரப்பரால் அழித்தேன். செருப்பு 250 மட்டும் லேசாகத் தெரிந்தது.

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை. அப்பாவுக்கு வார ஓய்வு. நான் மண்டியிலிருந்து வர ஏழரை ஆகிவிட்டது. வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா களியும் கீரைக் கடைசலும் போட்டாள். எதிரே சுவரோரம் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு உறை. அதன் மேல் என் கையெழுத்து.

ஒரு பக்கம் பிரித்திருந்தது. கண்டக்டர் பிரிக்கிற மாதிரி, ஓரம் கிழியாமல், நேராக.

களி உள்ளே இறங்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். பாத்திரச் சத்தம்கூட இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூன்று மாசம் காத்திருந்ததெல்லாம் ஒரு காத்திருப்பே இல்லை.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார்.

"டேய், தர்மபுரியிலிருந்து இண்டூருக்கு அப்ப ரெண்டு ரூவா இல்ல. ஒண்ணு நாப்பது."

நான் நிமிரவில்லை.

"மத்ததெல்லாம் சரியா இருக்கு" என்று எழுந்து, உறையை என் பக்கத்தில் வைத்துவிட்டு, வெளியே திண்ணைக்குப் போனார்.

அன்றைக்கு ராத்திரியே அந்த ஐந்தாம் பக்கத்தில் ரெண்டு ரூபாயை அடித்து, ஒண்ணு நாப்பது என்று எழுதினேன். அந்த வாரமே வேறொரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஸ்டாம்புக்கு அப்பாதான் காசு கொடுத்தார், எல்லாம் சில்லறையாக. சுய முகவரி உறை வைக்க மறந்துவிடாதே என்றும் சொன்னார்.